ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டினால் டிரம்முக்குள் என்ன நடக்கும்?

வடசென்னையில் காருக்குள் ஒரு வாடை வந்தால், அது நம் வண்டியிலிருந்துதான் வருகிறது என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. காசிமேட்டைத் தாண்டும்போது மீன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. மணலிப் பக்கமிருந்து காற்று வீசினால் ஒன்று, கொடுங்கையூர்ப் பக்கமிருந்து வீசினால் இன்னொன்று. அன்றைக்கு ராயபுரத்தில் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. நான் செய்தது, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டியதுதான்.

வண்டி கொஞ்சம் மந்தமாக இழுத்தது. லாரி வரிசையில் ஊர்ந்து போகும்போது எந்த வண்டிதான் சுறுசுறுப்பாக இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன். திருவொற்றியூர் தேரடி நெருங்கும்போது ஒரு பைக்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார். "அண்ணே, பின் வீல்ல பொக வருது." கீழே பார்த்தால் ஹேண்ட் பிரேக் லீவர் இரண்டு பல், அதாவது இரண்டு 'க்ளிக்', ஏறியபடி நிற்கிறது. வரிசையில் நின்றபோது இழுத்தது. நகரும்போது பாதிதான் இறக்கியிருக்கிறேன். ஆறேழு கிலோமீட்டர் அப்படியே வந்திருக்கிறேன்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, பிரேக்க புடிச்சிக்கினே வந்துட்டியா? எத்தினி கிலோமீட்டரு?" சொன்னேன். "கிலோமீட்டரு கணக்கு இல்ல. எவ்ளோ சூடாச்சு, அதான் கணக்கு. தொறந்து பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் தெரிய வேண்டியதெல்லாம் ஏறக்குறைய அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

பிரேக் என்பது ஒரு அடுப்பு

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், வண்டியின் ஓட்டத்தை அது சூடாக மாற்றுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், அதை முழுதாக நிறுத்தும்போது சுமார் 62 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. அடுத்த சிக்னல் வரும்வரை காற்று அடித்து அது ஆறிவிடும். நிறுத்து, ஆறு, நிறுத்து, ஆறு என்பதுதான் பிரேக்குக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை.

லேசாகப் பிடித்த ஹேண்ட் பிரேக்குக்கு இந்த "ஆறு" கிடைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பல் ஏறிய லீவர், வண்டியைப் பின்னாலிருந்து 20 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுத்துப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது சுமார் 200 நியூட்டன். எஞ்சினுக்கு இது பெரிய பாரமே இல்லை, அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 200 கிலோஜூல் வெப்பம். 40இலிருந்து மூன்று முறை முழுதாக நிறுத்துவதைவிடவே இது அதிகம். சாதாரணமாக நிறுத்தும்போது பெரும்பங்கு முன் சக்கர பிரேக்கின் மேல் விழுகிறது, பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வாங்கிக்கொள்ளும். இங்கே எல்லாமே பின் சக்கரம் இரண்டின் தலையில்.

30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இது ஒரு சக்கரத்துக்கு 800 வாட்டுக்கு மேல் வருகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை முழுச் சூட்டில் வைத்து ஒவ்வொரு பின் சக்கரத்துக்குள்ளும் மூடி வைத்தது போல. ஆறு கிலோமீட்டரில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 1,200 கிலோஜூல். குழாய்த் தண்ணீர் நாலு லிட்டரைக் கொதிக்க வைக்க இது போதும். பின் பிரேக்கின் இரும்புச் சட்டியான டிரம் ஒன்று 4 கிலோ என்று வைத்து, சூடு வெளியே போகவே இல்லை என்று எடுத்துக்கொண்டால், அது 300 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நிஜத்தில் காற்று ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போகும். ஆனால் லாரி வரிசையில் ஊர்கிற வண்டிக்கு என்ன பெரிய காற்று கிடைத்துவிடும்?

லீவரை முழுதாக இழுத்து வைத்திருந்தால் இவ்வளவு ஆபத்தில்லை என்பது வேடிக்கைதான். வண்டி நகராது, எஞ்சின் அணைந்துவிடும், உடனே தெரிந்துவிடும். ஒன்றிரண்டு பல் மட்டும் ஏறி நிற்கிற லீவர்தான் சத்தமில்லாமல் வேலையைக் காட்டும்.

லீவரிலிருந்து ஷூ வரை

இந்தியாவில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். கால் பிரேக் எண்ணெயால் வேலை செய்கிறது; மிதித்தால் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் அழுத்தம் போகும். ஹேண்ட் பிரேக்குக்கும் அந்த எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. அது வெறும் இரும்புக் கம்பி. லீவரை இழுத்தால், அடியில் நுகத்தடி போன்ற ஒரு துண்டு இரண்டு கேபிள்களையும் சமமாக இழுக்கும். ஒன்று இடது பின் சக்கரத்துக்கு, மற்றது வலதுக்கு. எண்ணெய் ஒழுகிப் போனாலும் வண்டியை நிறுத்த ஒரு வழி மிஞ்ச வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புச் சட்டி. அதற்குள் பிறை நிலா வடிவில் இரண்டு ஷூ அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஷூவின் முதுகில் ஒட்டியிருப்பது லைனிங். கேபிள் இழுத்தால் ஷூ இரண்டும் விரிந்து சட்டியின் உட்சுவரில் அழுந்தும். விட்டால் ஸ்பிரிங் அவற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். டிரம்மில் ஒரு தந்திரம் உண்டு: சுழலும் சட்டியே ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து, அதை இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொள்ளும். கையால் இழுக்கும் சின்ன பலத்தில் முழு வண்டியும் நிற்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு பல்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பின்பக்கமும் டிஸ்க் உள்ள வண்டிகளில் கதை கொஞ்சம் மாறும். சிலவற்றில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள்ளேயே கேபிள் வேலை செய்யும், சிலவற்றில் டிஸ்க்கின் நடுவில் ஹேண்ட் பிரேக்குக்கென்று ஒரு குட்டி டிரம் இருக்கும். பொத்தானை அமுக்கும் மின்சார பிரேக் உள்ள புதிய வண்டிகள் பல, பெல்ட் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் தாமாகவே விடுவித்துக்கொள்ளும். அந்த வகை வண்டியில் பேட் மாற்ற, மோட்டாரைக் கருவியால் பின்வாங்க வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பப் போகாதீர்கள். இனி நான் சொல்வதெல்லாம் லீவரும் டிரம்மும் உள்ள வண்டிக்கு.

சூடு எதையெல்லாம் தொடும்

முதல் அடி லைனிங்குக்கு. லைனிங் என்பது பல பொடிகளைப் பிசின் போட்டு இறுக்கிய பொருள். சூடு 300 டிகிரியை நெருங்கும்போது பிசின் சிதையத் தொடங்கும். அந்தக் கருகல் நாற்றமும் புகையும் அதுதான். வெளியே கசிந்த பிசின் மேற்பரப்பில் படிந்து இறுகினால், லைனிங் கண்ணாடி போலப் பளபளக்கும். "ஷூ பாலிஷ் ஆயிடுச்சு" என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், பிடிக்காது. இன்னும் சூடானால் ஓரம் பொடிந்து உதிரும். ஒட்டு விட்டு லைனிங் முழுத் தகடாகவே கழன்றுவிடுவதும் உண்டு.

அடுத்தது டிரம். இரும்பு சூட்டில் விரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். விரிந்த சட்டியைத் தொட ஷூ கூடுதல் தூரம் போக வேண்டும். அதனால் கால் பிரேக் வழக்கத்தைவிடத் தாழ்வாகப் பிடிக்கும். அதிகச் சூடு பட்ட இடம் நீலம் பூத்து, அங்கே மட்டும் இரும்பு கடினமாகிவிடும். சில சமயம் வட்டமே கோணிக்கொள்ளும், பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் காலுக்கடியில் துடிக்கும்.

மூன்றாவது பிரேக் எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இங்கேதான் இருக்கிறது. டாட் 3 என்ற வகைப் புது எண்ணெயின் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அதே விதி கேட்பது 140, 155 டிகிரி மட்டுமே. கடலோரத்தில் பல வருடம் மாற்றாமல் கிடந்த எண்ணெயை நினைத்துப் பாருங்கள். டிரம்முக்குள் எண்ணெய் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் அது கொதித்தால் குமிழி உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். நாம் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்கும்.

இவை போக வீல் சிலிண்டரின் ரப்பர் கப், தூசி மூடி, ஷூவைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங், பேரிங்கின் கிரீஸ். சில சிறு கார்களில் டிரம்மும், சக்கரம் மாட்டும் ஹப்பும் ஒரே வார்ப்பு, பேரிங் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அங்கே சூடேறினால் கிரீஸ் உருகி, சீலைத் தாண்டி லைனிங்கிலேயே வழியலாம். அந்த வகைக் காரில் இதையும் சந்தேகிப்பேன்.

வழியில் தெரிந்தால்

ஓரமாக நிறுத்துங்கள். லீவரை முழுதாக இறக்குங்கள். மறுபடி இழுக்காதீர்கள். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். நிறுத்தியதும் கை தானாக லீவருக்குப் போகும். சூட்டில் விரிந்திருக்கும் டிரம்மில் ஷூவை அழுத்தி வைத்தால், அது ஆறிச் சுருங்கும்போது ஷூவை இறுகக் கவ்விக்கொள்ளும். பிறகு லீவரை இறக்கினாலும் சக்கரம் விடாது. அதற்குப் பதிலாக முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். நம் பக்கத்து லாரி கிளீனர்கள் எப்போதும் கட்டை போடுகிறார்களே, அது வெறும் பழக்கம் இல்லை.

தண்ணீர் ஊற்றாதீர்கள். டீக்கடையில் கேட்டால் ஒரு குடம் எடுத்து வரப் பத்துப் பேர் தயாராக இருப்பார்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணும், விரிசல் விடும். நெருப்பே பிடித்துவிட்டால் மட்டும் அது வேறு விஷயம்; அப்போது தீயணைப்பானை எடுங்கள், டிரம்மைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சக்கரத்தைத் தொட்டும் பார்க்காதீர்கள். புறங்கையை ஒரு சாண் தள்ளி வைத்தாலே அனல் தெரியும்.

குறைந்தது அரை மணி, முக்கால் மணி ஆற விடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நின்றபடியே கால் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். கெட்டியாக நிற்கிறதா? மெதுவாக இறங்குகிறதா? பஞ்சாக இருந்தாலோ இறங்கிக்கொண்டே போனாலோ வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கெட்டியாக இருந்தால் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். கொதித்த எண்ணெய் ஆறியதும் பெடல் பழைய நிலைக்கு வரக்கூடும். அதைப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயேதான் இருக்கிறது.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்றேன் அல்லவா? அதனால் பின் லைனிங் கருகியிருந்தாலும் கால் பிரேக் நன்றாகப் பிடிப்பது போலவே இருக்கும். மழையில், முழு ஆட்களோடு, அவசரமாக மிதிக்கும்போதுதான் குறை தெரியும். அல்லது மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்கும்போது.

எல்லாவற்றுக்கும் டிரம்மைத் திறக்க வேண்டுமா என்றால், வேண்டாம். தெருமுனை வரை போய் நினைவு வந்து இறக்கியிருந்தால், நாற்றமும் இல்லை, சக்கரத்தில் அனலும் இல்லை என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. புகை வந்திருந்தாலோ, நாற்றம் நிலைத்து நின்றாலோ, பெடல் மாறியிருந்தாலோ திறந்தே ஆக வேண்டும்.

டிரம்மைத் திறந்தால்

அண்ணன் முதலில் முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டார். பிறகு பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் உட்கார வைத்தார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. லீவரை முழுதாக இறக்கிவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுழற்றினார். இடது சக்கரம் லேசாக உரசும் சத்தத்தோடு சுற்றியது, வலது சக்கரம் பாதிச் சுற்றில் நின்றது. "ஒரசிக்கினு சுத்துனா பரவால்ல. இது புடிச்சிக்கினு கீது."

டிரம் எளிதில் கழன்று வராது. பல டிரம்களில் மரை போட்ட இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சுத்தியலால் ஓரத்தில் அடிப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். உள்ளே கிடக்கும் கரும்பொடியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அது நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. பட்டறைகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் வண்டியில் இடது லைனிங் பளபளத்திருந்தது. தடிமன் நிறைய இருந்தது, விரிசலும் இல்லை. இந்த அளவில் உப்புத்தாள் போட்டு மேல்பூச்சைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடலாம். வலது லைனிங்கின் ஓரம் கருகிப் பொடிந்திருந்தது. அதற்குத் தேய்ப்பு வேலையெல்லாம் செல்லாது. ஒரு பக்கம் கெட்டாலும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் ஷூ மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு சக்கரம் அதிகமாகப் பிடித்து வண்டி பக்கவாட்டில் இழுக்கும். சூட்டால் கெடாவிட்டாலும், லைனிங் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

டிரம்மின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். நீலத் திட்டும் லேசான கோணலும் மட்டும் என்றால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆனால் கடையக் கடையச் சட்டி மெலியும், உள் விட்டம் கூடும். எவ்வளவு வரை கூடலாம் என்று டிரம்மிலேயே வார்த்து எழுதியிருப்பார்கள். 180 மில்லிமீட்டர் டிரம்முக்கு 182 என்பது போல ஒரு எல்லை. அதைத் தாண்டினாலோ, ஆழமான விரிசல் இருந்தாலோ புது டிரம்தான். "இன்னும் ஒரு தடவ கடைஞ்சிக்கலாம் சார்" என்று சொல்பவரிடம் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

பிறகு வீல் சிலிண்டரின் தூசி மூடியை மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரக் கசிவு இருந்தால் சிலிண்டரையோ அதன் ரப்பர் கிட்டையோ மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குகளைப் பலரும் கவனிப்பதில்லை. நிறம் மாறியோ நீண்டோ போன ஸ்பிரிங் ஷூவைப் பின்னுக்கு இழுக்காது. புது ஷூ போட்டாலும் பழையபடி உரசிக்கொண்டே ஓடும், அடுத்த மாதமே அதே நாற்றம். விலை குறைவான சாமான், ஷூ மாற்றும்போதே மாற்றிவிடுவது நல்லது. பேரிங்கைச் சுழற்றினால் கரகரப்பு கேட்கக் கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரத்தருகே போகும் சென்சார் வயரின் தோல் உருகியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

கடைசியாக எண்ணெய். கொதித்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலே முழுதும் மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை எடுத்துவிட வேண்டும். பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் கப்கள் ஊதிக் கெடும். பிரேக் எண்ணெய் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பெயின்ட் உரிந்துவிடும்.

எந்த இடத்தில் முறுக்குவது

ஹேண்ட் பிரேக் வேலையில் நான் பார்த்த மிகப் பொதுவான தப்பு இதுதான். லைனிங் தேயத் தேய லீவர் மேலே மேலே ஏறும். பத்துப் பல் ஏறியும் வண்டி நகர்கிறது என்று பட்டறைக்குப் போவோம். அங்கே லீவருக்கு அடியிலுள்ள நட்டை நாலு சுற்று முறுக்கிக் கேபிளை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். இரண்டு நிமிட வேலை. லீவர் மூன்றே பல்லில் கெட்டியாகப் பிடிக்கும், நமக்கும் சந்தோஷம். ஆனால் கேபிள் எப்போதும் ஷூவைக் கொஞ்சம் இழுத்தபடியே இருக்கும். லீவர் முழுதாகக் கீழே இருந்தும் ஹேண்ட் பிரேக் பாதி போட்ட நிலையிலேயே வண்டி ஓடும். ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரியாது, ஏனென்றால் அந்த விளக்குக்கான சுவிட்ச் லீவருக்கு அடியில் இருக்கிறது. ஷூவுக்கு என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சரியான வரிசை நேர் தலைகீழ். கேபிளை முதலில் தளர்த்திவிட்டு, டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டரால் ஷூவுக்கும் சட்டிக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். கால் பிரேக்கைச் சில முறை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகுதான் கேபிள். சிறு கார்களில் பொதுவாக நாலிலிருந்து ஒன்பது பல்லுக்குள் பிடிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எத்தனை என்று கையேட்டில் இருக்கும். "இன்னும் கொஞ்சம் டைட்டா வெச்சுக் குடுங்க" என்று கேட்கிற பழக்கத்தை நானே இப்போதுதான் விட்டேன்.

லீவர் இறங்கியும் பிரேக் இறங்காத வண்டி

நம் பகுதிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. கேபிள் என்பது உறைக்குள் ஓடும் இரும்புக் கம்பி. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை சாலை கடல் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியே நிறுத்தும் வண்டியில் உப்புக்காற்று விடாமல் படிகிறது. மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் உறைக்குள் தண்ணீர் புகுந்து தங்கும். உள்ளே துருப்பிடித்த கேபிள் இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. லீவர் மட்டும் இறங்கும், ஷூ அழுந்தியபடியே நிற்கும். இதற்கு எண்ணெய் தெளிப்பது இரண்டு வாரத் தீர்வு. கேபிளை மாற்றுவதே தீர்வு, அதுவும் இரண்டையும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற கார்களில் வேறொன்று நடக்க வாய்ப்பிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டபடி நாள்கணக்கில் ஈரத்தில் நின்றால் லைனிங்கும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்ளும். லீவரை இறக்கினாலும் சக்கரம் அசையாது. ஆக்சிலரேட்டரை மிதித்து வலுக்கட்டாயமாக இழுத்தால் லைனிங் பிய்ந்து டிரம்மோடு போய்விடும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். விடவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் மேல் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். மழைக்காலத்தில் வண்டியைச் சமதளத்தில் பல நாள் விட்டுப் போவதென்றால் நான் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, கியரும் கட்டையும்தான்.

இந்தக் கோளாறுக்கு ரயில்வேயில் தனிப் பெயரே இருக்கிறது: பிரேக் பைண்டிங். பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், விரிவாகச் சொல்வார்கள். பிரேக் விடாத பெட்டியின் சக்கரம் புகைந்துகொண்டே ஓடும். நிலையத்தைக் கடக்கும் ரயிலைப் பச்சைக் கொடியோடு நின்று பார்க்கிற ஊழியர் கவனிக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. காருக்கு அப்படி யாரும் கொடி பிடித்து நிற்பதில்லை. எனக்கு அந்தப் பைக்காரர் வாய்த்தார்.

வேலை முடிந்த பிறகு

புது ஷூ டிரம்மோடு பொருந்த நேரம் எடுக்கும். முதல் நாள் அண்ணன் சொன்னபடி கூட்டமில்லாத காலை நேரத்தில், 40 வேகத்திலிருந்து மெதுவாக ஒரு பத்து முறை நிறுத்தினேன், ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஆறுவதற்குக் கொஞ்சம் ஓடவிட்டு. ஹேண்ட் பிரேக்கைச் சோதிக்க மேடு வேண்டும். நம் ஏரியாவில் மேடு என்றால் பாலம்தான், ஆனால் மூலக்கடை மேம்பாலத்தில் நிறுத்திச் சோதித்தால் பின்னால் வருகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். அதனால் சமதளத்தில் லீவரை இழுத்துவிட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தேன். எஞ்சின் திணறி அணையப் பார்த்தது, வண்டி நகரவில்லை.

பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, அதிகம் பிரேக் மிதிக்காமல் நிறுத்தி, இரண்டு பின் சக்கரத்தருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் வெதுவெதுப்பு. வலது பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் அனல். திரும்பப் பட்டறைக்கே போனேன். அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, வலது அட்ஜஸ்டரை இரண்டு பல் தளர்த்தினார். "இப்ப ஓட்டிப் பாரு." மறுநாள் இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு.